கும்மாங்குளத்தில் புள்ளி பார்த்துத் தண்ணி விட்டது

முருங்கைக்கீரை ஆயும்போது கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது. பிள்ளையும் தூளியில் தூங்குகிறது. இந்த நாலு கொத்தையும் உருவி முடிப்பதற்குள் கும்மாங்குளத்துக் கதையைச் சொல்லிவிடலாம்.

கும்மாங்குளம் சின்ன ஊர் இல்லை, நகராட்சி. ரயில்வே கேட் உண்டு, இரண்டு சினிமாக் கொட்டகை உண்டு, மேட்டின் மேல் ஐந்து லட்சம் லிட்டர் பிடிக்கிற தண்ணித் தொட்டியும் உண்டு. புத்தி மட்டும் நாலு நாளைக்கு ஒரு தரம்தான் வரும், குழாய்த் தண்ணி மாதிரி.

அந்த நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் நாலு பேர் வேலை பார்த்தார்கள். மேஸ்திரி ஏகாம்பரம் விதி தவறாதவர். மழை பெய்தால்கூட யார் உத்தரவில் பெய்கிறது என்று கேட்பார். லாரி ஓட்டுகிற இருளப்பனிடம் ‘போ’ என்றால் போவான். ‘நில்’ என்று சொல்ல மறந்துவிட்டால் அடுத்த மாவட்டத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பான். தங்கப்பழம் கண்ணாடி போட்டவன், அதனால் படித்தவன் என்று பேர். நாலாவது ஆள் நம்ம சடையாண்டி. ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவான். குழிக்குள் இருக்கிற வால்வைத் திருகித் தண்ணி திறந்துவிடுவான்.

ஊருக்கே தண்ணி திறந்துவிடுகிறவன் வீட்டுக் குழாயில் தண்ணி வந்து ஐந்து மாசம் ஆகியிருந்தது. அவன் வீடு கடைசித் தெருவில். சாவி அவன் தோளில் இருந்தாலும் உத்தரவு ஏகாம்பரத்தின் வாயில் அல்லவா இருந்தது?

அவன் மனைவி செண்பகம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள். பெண் பிள்ளை பிறந்து மூணு மாசம் முடிந்துவிட்டது. அவள் வருவதற்கு மூட்டை கட்டித் தயாராக இருந்தாள். மாமியார் வீராயிதான் நிலைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

“பிள்ளைக்கு ஊத்த ஒரு குடம் தண்ணி இல்லாத வீட்டுக்கு என் மகளை அனுப்ப மாட்டேன் மாப்பிள்ளை. உங்க வாசல்ல தண்ணி வந்துச்சுன்னு சேதி வரட்டும், அடுத்த பஸ்ஸுல ஏறிடுறோம்.”

“அத்தை, ஊருக்கே நான்தான் தண்ணி திறந்துவிடுறேன்.”

“அதைத்தானே நானும் நாலு பேர்கிட்டச் சொல்லிச் சொல்லி அசிங்கப்பட்டுக்கிட்டு இருக்கேன்!”

பிள்ளையைக் குளிப்பாட்டவென்று சடையாண்டி ஒரு ரோஸ் கலர் பிளாஸ்டிக் டப் வாங்கி வைத்திருந்தான். அதில் ஒரு சிலந்தி கூடு கட்டியது. காலையில் வேலைக்குப் போகும்போது துடைத்துவைப்பான். சாயங்காலம் வந்து பார்த்தால் சிலந்தி திரும்பி வந்திருக்கும். அந்த வீட்டுக்குத் தவறாமல் திரும்பி வருவது அது ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போதுதான் பெரிய பட்டணத்திலிருந்து எழிலரசி மேடம் என்று ஒரு அதிகாரி வந்தார். ஆபீஸ் சுவரில் பெரிய டிவி மாதிரி ஒரு திரையை மாட்டினார். திரை முழுக்கப் புள்ளி, எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

“ஒவ்வொரு செல்போனும் ஒரு புள்ளி. ஆள் நகர்ந்தா புள்ளி நகரும்,” என்றார் மேடம். “ஜனங்க எப்ப எங்கே கூடுறாங்க, எங்கே போறாங்கன்னு நாலஞ்சு வாரம் பார்த்தா, நாளைக்கு எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணி வேணும்னு இன்னைக்கே கணிச்சிடலாம். புள்ளி இருந்து தண்ணி போகலைன்னா சிவப்பா இருக்கும். தண்ணி போயிட்டா பச்சையாகிடும்.”

“நாங்க என்ன செய்யணும் மேடம்?” என்று ஏகாம்பரம் நோட்டை விரித்தார்.

“பழைய பழக்கத்தையும் ஊகத்தையும் விட்டுடுங்க. புள்ளியை மட்டும் நம்புங்க. ஒரு மாசம் கழிச்சு வருவேன். திரையில ஒரு சிவப்புகூட இருக்கக் கூடாது.”

மேடம் நல்லவர், விவரமானவர். கும்மாங்குளத்துக்குப் புதுசு என்பது ஒன்றுதான் அவரிடம் இருந்த குறை. ஏகாம்பரம் ‘புள்ளியை மட்டும் நம்ப வேண்டியது’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

மேடம் கார் தெரு திரும்பியதும் சடையாண்டி திரைக்கு முன்னால் போய் நின்றான்.

“தங்கப்பழம், எங்க கடைசித் தெருவைப் பாரேன்.”

தங்கப்பழம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். “அங்கே ஒரு புள்ளியும் இல்லையேப்பா.”

“எல்லாரும் விடியக்காலம் மில் பஸ்ஸுல போனையும் எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்கல்ல? ராத்திரிதானே வருவாங்க.”

“நாம ராத்திரி பார்க்கிறதில்லையே. ஆபீஸ் அஞ்சு மணியோட மூடிடுதே.”

“நான் அந்தத் தெருக்காரன்தானே? என் புள்ளி?”

“நீ இங்கே நிக்கே. உனக்கு வேணும்னா இங்கே ஒரு தம்ளர் குடிச்சுக்கோ.”

சடையாண்டி மேஸ்திரி பக்கம் திரும்பினான். “அண்ணாச்சி, பச்சைப் பிள்ளை வரப்போகுது. பிள்ளைக்காவது...”

“பிள்ளைகிட்ட போன் இருக்கா?” என்றார் ஏகாம்பரம், பேனாவைத் திறந்தபடி.

“மூணு மாசப் பிள்ளை அண்ணாச்சி!”

“அப்ப புள்ளி இல்லை. புள்ளி இல்லாட்டி ஆள் இல்லை. இல்லாத பிள்ளைக்குத் தண்ணி விட்டா நாளைக்கு எல்லாரும் இல்லாத பிள்ளைக்குத் தண்ணி கேட்பாங்க.”

சடையாண்டியும் கும்மாங்குளத்துக்காரன்தானே. சரியாகத்தான் சொல்கிறார் என்று தோன்றிவிட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தங்கப்பழம் அலறினான். “அண்ணாச்சி! ரயில்வே கேட்டுகிட்ட முந்நூறு பேர்! அசையவே இல்லை!”

நாலு பேரும் திரையைச் சுற்றி நின்றார்கள்.

“ஏன் அசையலை?” என்றார் ஏகாம்பரம்.

“நாக்கு வறண்டு போயிருக்கும். நாக்கு வறண்டா கால் வராது,” என்றான் இருளப்பன்.

லாரி பறந்தது. கேட் மூடியிருந்ததால் லாரியும் வரிசையில் நின்றது. வரிசையில் நிற்கிற முந்நூறு பேருக்கும் முன்னால் போய்த் தண்ணி கொடுக்க வேண்டுமே என்று இருளப்பன் ஹாரன் அடித்தான். எல்லாரும் திருப்பி அடித்தார்கள். கேட் திறந்ததும் எல்லாப் புள்ளியும் நாலு திசைக்கும் சிதறியது. ஐம்பது புள்ளி மட்டும் ஒன்றாகச் சேர்ந்து, மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் தெற்கே போனது. அது டவுன் பஸ்.

“ஐம்பது பேர் ஓடுறாங்க!” என்று போனில் கத்தினான் தங்கப்பழம். “எங்கே தண்ணி கிடைக்கும்னு தேடி ஓடுறாங்க பாவம்! விடாதே!”

இருளப்பன் விடவில்லை. பஸ்காரர் பின்னால் பார்த்தார், ‘யாருகிட்ட போட்டி போடுறே’ என்று மிதித்தார். பதினாலு கிலோமீட்டர் தாண்டி, அடுத்த ஊர் பஸ் நிலையத்தில்தான் லாரி பஸ்ஸைப் பிடித்தது. இருளப்பன் குழாயை இழுத்துக்கொண்டு போய் சன்னல் வழியாகப் பாய்ச்சினான். டிக்கெட் வாங்கியவர், வாங்காதவர், கல்யாணத்துக்குப் பட்டுக் கட்டியவர் என்று பாரபட்சம் பார்க்கவில்லை. திரையில் ஐம்பது புள்ளியும் பச்சையானது. ஆபீஸில் கை தட்டினார்கள்.

அடுத்தது செய்யது பாய் வைத்திருந்த செல்போன் ரிப்பேர் கடை.

“எட்டடிக்கு ஆறடிக் கடைக்குள்ள எழுபத்திரண்டு பேர் இருக்காங்க அண்ணாச்சி. மூணு நாளா வெளியே வரலை.”

“எட்டடிக்கு ஆறடியில எழுபத்திரண்டு பேர் எப்படி நிப்பாங்க?”

“நிக்க மாட்டாங்க. அடுக்கி வச்சிருப்பாங்க,” என்றான் சடையாண்டி. அது உண்மைதான், எழுபத்திரண்டு போனும் ரிப்பேருக்காக அலமாரியில் அடுக்கித்தான் இருந்தன.

மத்தியானம் பாய் சாப்பிடப் போன நேரம். ஷட்டருக்கு அடியில் குழாயைக் கொடுத்து ஒரு லாரித் தண்ணியையும் உள்ளே விட்டார்கள். பாய் திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “எழுபத்திரண்டும் போச்சேய்யா!”

“அழாதீங்க பாய்,” என்று ஏகாம்பரம் முதுகைத் தடவிக்கொடுத்தார். “தண்ணி குடிச்ச திருப்தியிலதான் போயிருக்காங்க.”

இதையெல்லாம் பார்த்துத்தான் சடையாண்டிக்கு ஒரு யோசனை வந்தது. அவன் வாழ்க்கையில் வந்த முதல் யோசனை அது. மூளைக்குள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் இரண்டு நாள் நின்றுகொண்டே இருந்தது. ஆள் இருந்தால் புள்ளி இல்லை, போன் இருந்தால்தான் புள்ளி. அப்படியானால் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் என்ன?

வியாழக்கிழமை காலை போனை ரோஸ் டப்புக்குள் பத்திரமாக வைத்தான். சிலந்தியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்கு வந்தான்.

“கடைசித் தெருவில ஒருத்தர் இருக்காரு!” என்றான் தங்கப்பழம்.

“அது நான்தான்,” என்றான் சடையாண்டி பெருமையாக.

மூவரும் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“அது சடையாண்டின்னா,” என்றார் ஏகாம்பரம் மெதுவாக, “அப்ப நீ யாரு?”

“நானும் சடையாண்டிதான்.”

“ஒரு வேலைக்கு ரெண்டு சடையாண்டிக்கு உத்தரவு இல்லையே. அங்கே இருக்கிறவனுக்குத்தான் புள்ளி இருக்கு. நீ கொஞ்சம் வெளியே உட்காருப்பா.”

வருகைப் பதிவில் சடையாண்டிக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதினார்கள். ஆனாலும் புள்ளிக்குத் தண்ணி கொடுத்தாக வேண்டும். ஒரு புள்ளிக்கு ஒரு குடம் என்று கணக்குப் போட்டு, ஒரே ஒரு குடத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு இருளப்பன் போனான். புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தான். டப்புக்குள் இருந்தது. அங்கேயே ஊற்றிவிட்டு வந்தான்.

அந்த டப் கண்ட முதல் தண்ணி அதுதான். சிலந்தி நீந்திக் கரையேறியது, போன் ஏறவில்லை.

ஆபீஸில் தங்கப்பழம் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினான். “அண்ணாச்சி... புள்ளி அணைஞ்சிடுச்சு.”

ஏகாம்பரம் எழுந்து நின்றார். “சடையாண்டி போயிட்டான்.”

வெளியே உட்கார்ந்திருந்த சடையாண்டி ஓடி வந்தான். “எங்கே போயிட்டேன்? இங்கேதானே நிக்கேன்!”

“பாவம், அவனுக்கே இன்னும் தெரியலை,” என்றான் தங்கப்பழம்.

இருளப்பன் சடையாண்டியின் தோளிலேயே சாய்ந்து அழுதான். “எப்பேர்ப்பட்ட மனுசன்! நேத்துக்கூட என்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தானே!”

“இப்பவும் பேசிக்கிட்டுதானேலே இருக்கேன்!”

“ஆமா, அதே குரல்!” என்று இன்னும் அதிகமாக அழுதான்.

சடையாண்டிக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. தன்னைக் கிள்ளிப் பார்க்க நினைத்து, தவறி இருளப்பனைக் கிள்ளினான். வலிக்கவில்லை. சரி, ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தபோது ஏகாம்பரத்தின் குரல் கேட்டது.

“இருளப்பா, லாரியை எடு. சாவு வீட்டுக்குத் தண்ணி போகணும்.”

கும்மாங்குளத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்குப் பதினாறாம் நாள் வரைக்கும் தினம் ஒரு லாரி தண்ணி. வந்தவர்கள் தலைமுழுக வேண்டாமா? அதற்கு மனு கிடையாது, கேள்வி கிடையாது, புள்ளியும் கிடையாது. உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் மனு எல்லாம்.

சடையாண்டி சட்டென்று வாயை மூடிக்கொண்டான். பிறகு தலையைக் குனிந்து, “ஆமா அண்ணாச்சி, நான் போயிட்டேன்தான்,” என்று துக்கத்தோடு ஒத்துக்கொண்டான்.

சாயங்காலமே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். ‘எங்கள் தண்ணீர்ப் பிரிவின் தூண் சடையாண்டி, திரையை விட்டு மறைந்தார்.’ பசை காய்ச்சிக் கொடுத்தது சடையாண்டிதான். ஒரு போஸ்டரை இருளப்பன் பஸ் முதுகில் ஒட்டினான். அந்த பஸ் மாமியார் ஊர் வழியாகப் போகிற பஸ்.

வெள்ளிக்கிழமை காலை வீராயியும் செண்பகமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனையிலிருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தார்கள். வாசலில் தண்ணி லாரி நின்றது. அண்டா, குடம், சட்டி எல்லாம் நிரம்பித் தளும்பியது. கழுத்தில் மாலையோடு சடையாண்டி ரோஸ் டப்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

செண்பகம் அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். கையிலிருந்த துணி மூட்டையால் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அந்த மூட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு மிச்ச அழுகையை அழுது முடித்தாள்.

வீராயி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நேராக அண்டாவுக்குப் போனாள். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“நல்ல தண்ணிதான்,” என்றாள். “செத்தாலும் சொன்ன சொல் தவறலை மாப்பிள்ளை!”

அப்போதே வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பேத்தியைக் காலில் குப்புறப் போட்டு, வெந்நீரை விளாவி விளாவி ஊற்றினாள். பிள்ளை கையைக் காலை அடித்துச் சிரித்தது. சடையாண்டி மாலையைக் கழற்ற மறந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

“பதினாறு முடிஞ்சதும் பதினேழாம் நாள் காலையில பஸ் எத்தனை மணிக்கு மாப்பிள்ளை?” என்றாள் வீராயி, பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டே.

பதினேழாம் நாள் லாரி வராதே என்று சடையாண்டி விரல் விட்டு எண்ணினான். நல்லவேளை, பக்கத்து வீட்டு முத்துக்காளி முட்டாள் இல்லை. நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவள், மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். பத்து மணிக்குப் போனை ஆன் செய்தாள், பதினோரு மணிக்கு அணைத்தாள். மத்தியானம் அவள் வாசலில் லாரி நின்றது.

அதற்கப்புறம் கடைசித் தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். “ஏக்கா, இன்னைக்கு நீங்களா, நானா?” “இன்னைக்கு நீ போயிடுடீ, எனக்கு நாளைக்குத்தான் துணி ஊற வைக்கணும்.” இந்த ஒற்றுமை வீராயிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பஸ் நேரம் கேட்பதை விட்டுவிட்டாள்.

விஷயம் அடுத்த தெருவுக்குப் போனது, அதற்கடுத்த தெருவுக்கும் போனது. இருபது நாளில் ஊரே போய்ச் சேர்ந்துவிட்டது. போஸ்டர் ஒட்டச் சுவர் இல்லை. லாரி போதாமல், எல்லா வால்வையும் ராப்பகலாகத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டார் ஏகாம்பரம். திறந்துவைத்தது சடையாண்டி.

“செத்தவன் வேலைக்கு வரலாமா அண்ணாச்சி?” என்று தங்கப்பழம் கேட்டான்.

“வரக் கூடாதுன்னு விதியில இல்லை. சம்பளம்தான் கிடையாது.”

கடைசியில் திரையில் மூணே புள்ளி மிச்சம். அதுவும் சிவப்பாக மினுங்கியது. “ஊரே போன பிறகு நாம மூணு பேரும் உட்கார்ந்திருக்கிறது நல்லாவா இருக்கு?” என்று சொல்லி, ஏகாம்பரம் மூணு போனையும் ஒரு வாளித் தண்ணிக்குள் போட்டார். திரை கும்மிருட்டானது. ஒரு சிவப்பு இல்லை.

சொன்ன தேதியில் எழிலரசி மேடம் வந்தார். திரையைப் பார்த்து அதிர்ந்து நின்றார்.

“ஊர் ஜனம் எல்லாம் எங்கே?”

“எல்லாரும் போயிட்டாங்க மேடம்,” என்றார் ஏகாம்பரம் பணிவாக. “ஆனா தண்ணிக்கு ஒரு குறையும் இல்லை.”

அப்போது திரையின் நட்டநடுவில் ஒரு புள்ளி எரிந்தது. ரத்தச் சிவப்பு.

“ஐயோ, யாரோ பிழைச்சிட்டாங்க!” என்றான் இருளப்பன்.

தங்கப்பழம் கிட்டப் போய்ப் பார்த்தான். “நம்ம ஆபீஸ். இந்த ரூம்.” மெல்லத் திரும்பி மேடத்தின் கைப்பையைப் பார்த்தான்.

“மேடம்,” என்றார் ஏகாம்பரம், “கும்மாங்குளத்துக்கே இருக்கிற ஒரே ஆள் நீங்கதான். தொட்டியில ஐந்து லட்சம் லிட்டர் இருக்கு. ஒரு ஆளால வகுத்தா ஐந்து லட்சம். சடையாண்டி! எல்லா வால்வையும் மூடு. மேடத்துக்கு மட்டும் திற!”

சடையாண்டி மூடினான், திறந்தான். ஆபீஸில் இருந்த எல்லாக் குழாயும் வெடித்துப் பாய்ந்தது. மேடம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினார். புள்ளி ஓடியது. பின்னாலேயே ஏகாம்பரத்தையும் ஏற்றிக்கொண்டு லாரி ஓடியது.

அந்த நேரம் பார்த்துக் கடைசித் தெருவில் வீராயி பேத்தி தலையில் சீயக்காய் தேய்த்திருந்தாள். குழாய் நின்றது. சடையாண்டி சாவியோடு லாரிப் படியில் தொற்றிக்கொண்டு போகிறபோது, தெருமுனையில் நுரையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியார் வழிமறித்தாள்.

“தண்ணி எங்கே போகுது மாப்பிள்ளை?”

“மேடத்துக்கிட்ட அத்தை!”

“அப்ப நாங்களும் அங்கேயே வர்றோம்!” என்று ஏறிக்கொண்டாள். செண்பகம் துண்டும் டப்புமாகப் பின்னால் ஏறினாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் நின்றது. லாரி வந்து ஒட்டி நின்றது. மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயிருந்து கும்பிட்டார். காருக்கு மேல் ஐந்து நிமிஷம் தண்ணி ஊற்றினார்கள். கார் கூரையிலிருந்து வழிந்த தண்ணியில் டப்பைப் பிடித்து, தண்டவாளத்தின் ஓரமாகவே வீராயி பிள்ளைக்குத் தலையை அலசிவிட்டாள். பிள்ளை இன்னும் ஊற்று என்று சிரித்தது. மேடத்தின் புள்ளி பச்சையாகியிருக்கும் என்று சடையாண்டி நிம்மதியாக மூச்சு விட்டான்.

அப்போதுதான் தங்கப்பழம் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“அண்ணாச்சி! வடக்கேயிருந்து ஆயிரத்து இருநூறு பேர் ஒரே வரிசையில வர்றாங்க! எல்லாம் சிவப்பு!”

தூரத்தில் எக்ஸ்பிரஸ் கூவியது. ஏகாம்பரம் ரயிலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். “சன்னல் எல்லாம் திறந்திருக்கா?” என்றார். “திறந்திருக்கு அண்ணாச்சி!” என்றான் இருளப்பன். உடனே சடையாண்டி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, குழாயின் வாயைத் தோளில் தூக்கி வைத்து, வீராயியிடம் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முதல் பெட்டி கேட்டைத் தாண்டும்போது சரியாக... இரு, நம்ம வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள்.

“ஏக்கா, குழாயில தண்ணி வந்திருச்சு, குடத்தை எடுத்துட்டு ஓடி வாங்க!”